42 பவுண்டு வில்லில் மான் வேட்டை: எந்த முனை சரியாக இருக்கும்?

இடக்கை வில் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 46. பதினோரு வருடமாகக் காம்பவுண்ட் வில்லில் (உருளைகள் வைத்த நவீன வில்) மான் வேட்டையாடுகிறேன், இடது கைக்காரன். மூன்று வருடத்துக்கு முன்வரை 62 பவுண்டு இழுவிசையுள்ள வில்லை இழுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தோள்பட்டையில் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை ஆனது. திரும்ப வில்லைத் தொடவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி 45 பவுண்டைத் தாண்டவே கூடாது என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். இப்போது 42-ல் நிற்கிறேன், இழுநீளம், அதாவது நாணைப் பின்னுக்கு இழுக்கும் தூரம், 27 அங்குலம்.

பிரச்சினை முனையில்தான். பழைய பழக்கத்தில், 2 அங்குலம் விரியும் அதே மெக்கானிக்கல் பிராட்ஹெட்டையே (பட்டதும் பிளேடு விரியும் வேட்டை முனை) போன சீசனிலும் போட்டுக்கொண்டு போனேன். 62 பவுண்டில் அது ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. 17 கெஜத்தில் ஒரு பெண் மான், பக்கவாட்டில், அசையாமல் நின்றது. அம்பு நான் நினைத்ததைவிட இரண்டு விரல் முன்னால் பட்டது. அம்பின் பெரும்பகுதி வெளியே துருத்திக்கொண்டிருக்க மான் அப்படியே ஓடியது. நாற்பது தப்படி தள்ளி அம்பு கீழே கிடந்தது. எடுத்துப் பார்த்தால் நாலைந்து அங்குலத்துக்குத்தான் ரத்தம். அன்று இருட்டும்வரை தேடினேன், மறுநாள் இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மதியம்வரை தேடினேன். கிடைக்கவில்லை. அந்த மான் பிழைத்ததா, எங்காவது புதருக்குள் கிடந்து செத்ததா என்று இன்றுவரை தெரியாது. அந்த சீசன் முழுக்க அதற்குப் பிறகு வில்லை எடுக்கவே மனசு வரவில்லை.

அம்பின் விவரம்: மொத்தம் 365 கிரெய்ன் (அம்பை எடைபோடும் சின்ன அலகு), அதில் முனை 100. தண்டு 62 பவுண்டு காலத்தில் வாங்கிய 400 ஸ்பைன் (தண்டின் விறைப்பைக் குறிக்கும் எண்) கார்பன், நீளம் இருபத்தாறரை அங்குலம். வேகமானியில் வைத்துப் பார்த்தேன், நொடிக்கு 218 அடி. பிளேடு இல்லாத பயிற்சி முனை போட்டால் 20 கெஜத்தில் எல்லாம் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுகிறது. விரியாத முனை ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், ஐந்து அங்குலம் வலதுபக்கம் போகிறது.

கேள்வி இதுதான். இந்த இழுவிசைக்கு இரண்டு பிளேடா, மூன்று பிளேடா, எவ்வளவு அகலம், எவ்வளவு எடை? இன்னொன்றும் கேட்க வேண்டும். 42 பவுண்டோடு மான் வேட்டைக்குப் போகவே கூடாது, விட்டுவிடு என்பதுதான் நியாயம் என்றால் அதையும் நேராகவே சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

பழைய நாண் எழுதியது:

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. விட வேண்டாம். 42 பவுண்டு மானுக்குப் போதும். உங்கள் வில்லில் இல்லை குறை, 62 பவுண்டுக்காகச் செய்த ஏற்பாட்டை அப்படியே 42-க்குக் கொண்டுவந்ததில்தான் குறை.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். அம்பின் எடையைக் கிரெய்னில் எடுத்து, வேகத்தை நொடிக்கு எத்தனை அடி என்று எடுத்து, வேகத்தை அதாலேயே பெருக்கி, எடையாலும் பெருக்கி, 450240-ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் வரும். உங்கள் அம்புக்கு அது 38.5. அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் கம்பெனி பல காலமாகப் போடும் அட்டவணையில் மான் அளவு விலங்குக்கு 25 முதல் 41 வரை என்றுதான் இருக்கிறது, ஆக நீங்கள் அதற்குள்ளேதான் இருக்கிறீர்கள். காட்டுப்பன்றி, எல்க் எனும் பெரிய மான் என்று போனால் 42-க்கு மேல் கேட்கிறார்கள், அதற்கு இந்த ஏற்பாட்டோடு போகாதீர்கள்.

ஆனால் அந்த 38.5-ஐ நீங்கள் எதில் செலவழித்தீர்கள் என்று பாருங்கள். விரியும் முனை, பெயரிலேயே இருக்கிறதே, பட்டவுடன் பிளேடுகள் திறக்க வேண்டும். அந்தத் திறப்பதற்கான வேலையை வேறு யாரும் செய்வதில்லை, அம்புதான் தன் கையிருப்பிலிருந்து கொடுக்கிறது. திறந்த பிறகு 2 அங்குல அகலத்துக்குத் தோல், தசை, விலா எலும்பு என்று எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டே போக வேண்டும். 62 பவுண்டில் கையிருப்பு தாராளமாக இருந்தது, கணக்குப் பார்க்காமல் செலவழித்தோம். இப்போது இருப்பது கம்மி. இரண்டு விரல் முன்னால் பட்டது என்கிறீர்கள், அங்கே தோள்பட்டை எலும்பின் ஓரம் இருக்கிறது. அகலமான, திறந்து நிற்கிற பிளேடு அதில் மோதினால் அங்கேயே நின்றுவிடும்.

அதனால் என் பதில்: விரியாத முனை, இரண்டு பிளேடு, நுனியிலிருந்தே அறுக்கத் தொடங்குகிற வகை. அகலம் 1 அங்குலத்திலிருந்து 1 1/8 வரை, அதற்கு மேல் வேண்டாம். நுனியைக் கவனியுங்கள். சில முனைகளில் நுனி மட்டும் உளி மாதிரி முக்கோணமாக, தடியாக இருக்கும், பிளேடு அதற்குப் பின்னால்தான் ஆரம்பிக்கும். மஸ்ஸி டிரோகார் அந்த ரகம். நல்ல உறுதியான முனைதான், எலும்பில் வளையாது, ஆனால் அது முதலில் குத்தித் துளைத்து அப்புறம்தான் அறுக்கிறது. அதிக பவுண்டில் அந்த வித்தியாசம் தெரியாது, நம் மாதிரி ஆட்களுக்குத் தெரியும். மேக்னஸ் ஸ்டிங்கர், ஸ்விக்கி எஸ்கிமோ போன்றவை நுனியிலேயே கத்தி, தோலில் தொட்ட கணத்திலிருந்து அறுக்கும்.

நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதமும் முக்கியம். மேட்டில் பாரம் ஏற்றும்போது சரிவான நீளப் பலகை எப்படி உதவுமோ அதே கதைதான். 1 அங்குல அகலமும் 3 அங்குல நீளமும் இருக்கிற முனை, அதே அகலத்தில் ஒன்றரை அங்குலமே நீளமுள்ள முனையைவிடப் பாதி விசையில் உள்ளே இறங்கும். பழைய வில் வேட்டைக்காரர் ஹோவர்ட் ஹில் அந்தக் காலத்திலேயே இந்த மூன்றுக்கு ஒன்று விகிதத்தை வற்புறுத்தியவர். 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் எட் ஆஷ்பி நிஜ விலங்குகளின் மேல் அம்பு எய்து, எது எவ்வளவு இறங்கியது என்று அளந்து எழுதியதிலும் இதுவே வந்தது. அவர் போட்ட வரிசையில் முதல் இடம் அம்பு உடையாமல் இருப்பதற்கு, இரண்டாவது இடம் அம்பு நேராகப் பறப்பதற்கு. மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான். உங்கள் ஐந்து அங்குல விலகலை அதனால்தான் சும்மா விடக் கூடாது, தனியாக எழுதுகிறேன்.

வெண்சிறகு எழுதியது:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் இரண்டாவது சீசனில் அதே மாதிரி ஒரு மான் போயிற்று. அந்தக் கனம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

நான் 38 பவுண்டு, இழுநீளம் இருபத்தைந்தரை. உங்களைவிடக் குறைவு. ஒன்பது வருடமாக இதே வில். பழைய நாண் அண்ணன் சொன்ன எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன், பிளேடு எண்ணிக்கையில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். இரண்டு பிளேடு உள்ளே இறங்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அது போடுவது ஒரு கோடு, ஒரு கீறல் மாதிரி. தோலும் தசையும் அதை மூடிக்கொள்ளும். முதல் மூன்று வருடம் இரண்டு பிளேடுதான் வைத்திருந்தேன். மான் அறுபது, எழுபது கெஜத்துக்குள் விழுந்துவிடும், ஆனால் முதல் முப்பது கெஜத்தில் ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. காய்ந்த சருகில் குனிந்து குனிந்து தேட வேண்டும். அப்புறம் நீளமான மூன்று பிளேடுக்கு மாறினேன், உட்ஸ்மன் வகை. அது சாதாரணக் குட்டை மூன்று பிளேடு இல்லை, ஒல்லியாக, நீளமாக இருக்கும். முக்கோணத் துளை போடும், மூடிக்கொள்ளாது.

இரண்டையும் எய்து பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது என்னவென்றால், துளை எந்த வடிவம் என்பதைவிட எத்தனை துளை, எவ்வளவு தாழ்வாக என்பதுதான் தடத்தைத் தீர்மானிக்கிறது. அம்பு மறுபக்கம் வெளியே போய்விட்டால், அந்த இரண்டாவது துளை கீழே இருந்தால், நெஞ்சுக்கூட்டில் சேரும் ரத்தம் தானாகக் கொட்டும். மேலே பட்டு உள்ளேயே நின்றால், 2 அங்குல அகலத்துக்கு அறுத்திருந்தாலும் வெளியே வராது. அதனால் நான் சொல்வது: மறுபக்கம் வெளியேறும் என்று நம்பிக்கை வரும்வரை இரண்டு பிளேடில் இருங்கள். வேண்டுமானால் குறுக்கே சின்ன உதிரி பிளேடு செருகுகிற வகை இருக்கிறது, அதைக் கழற்றியும் எய்யலாம், மாட்டியும் எய்யலாம்.

எப்போது எய்வது என்பதுதான் முனையைவிடப் பெரிய விஷயம் எனக்கு. பக்கவாட்டில் நின்றால் எய்வேன். என்னை விட்டு விலகிச் சாய்வாக நின்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் அம்பு கடைசி விலா எலும்புகளுக்கு நடுவே நுழைந்து முன்னோக்கிப் போகும், தோள் எலும்பு வழியிலேயே வராது. என்னை நோக்கிச் சாய்ந்து நின்றால் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் எய்ய மாட்டேன். பக்கத்து முன்னங்கால் ஒரு அடி முன்னால் எடுத்து வைக்கும்வரை காத்திருப்பேன், கால் முன்னே போகும்போது அந்தத் தோள்பட்டையும் கூடவே நகர்ந்து வழி விடும். எத்தனையோ தடவை காத்திருந்து மான் போயே போய்விட்டது. போகட்டும்.

தூரம் 20 கெஜத்துக்குள். காரணம் விசை இல்லை, சத்தம். ஒலி நொடிக்கு சுமார் 1,125 அடி போகிறது, என் அம்பு நொடிக்கு 190 அடி. 20 கெஜம் என்றால் 60 அடி, நாண் சத்தம் மானின் காதுக்குப் போன பிறகு அம்பு வந்து சேர இன்னும் கால் நொடிக்கு மேல் ஆகிறது. அந்தக் கால் நொடியில் மிரண்ட மான் உடம்பைத் தாழ்த்திப் பாய ஆரம்பித்துவிடும். 30 கெஜத்தில் அந்த நேரம் 0.4 நொடி. நாம் குறி வைத்த இடம் அங்கே இருக்கவே இருக்காது.

ஓடைக்கரை எழுதியது:

எல்லாரும் விரியும் முனையை இவ்வளவு ஒதுக்க வேண்டுமா என்று தோன்றுகிறது. நான் 47 பவுண்டுதான் இழுக்கிறேன், ஒன்றரை அங்குலம் மட்டும் விரிகிற, பிளேடு பின்னோக்கிச் சறுக்கித் திறக்கிற வகையில் ஆறு மான் எடுத்திருக்கிறேன், நான்கில் அம்பு மறுபக்கம் போனது. பயிற்சி முனை விழுகிற இடத்திலேயே விழுகிறது, ஐந்து அங்குல விலகல் எல்லாம் இல்லை. குறி தப்பினால் எந்த முனையும் உதவாது இல்லையா.

பழைய நாண் எழுதியது:

ஓடைக்கரை, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் இழுநீளம் எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். முன்பு ஒரு பதிவில் முப்பது என்று எழுதிய ஞாபகம். இழுவிசை எவ்வளவு என்பது பாதிக் கதைதான், அந்த விசை எவ்வளவு தூரத்துக்கு நாணைத் தள்ளுகிறது என்பது மீதிப் பாதி. ஒரு அங்குல இழுநீளம் குறைந்தால் காம்பவுண்ட் வில்லில் சுமார் 10 அடி வேகம் குறையும் என்பது எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் 47-க்கும் அவருடைய 42-க்கும் வித்தியாசம் 5 பவுண்டு இல்லை, அதைவிட நிறையப் பெரியது. 38 பவுண்டில் இருபத்தைந்தரை இழுக்கிறவர் உங்கள் முனையைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அப்புறம் நீங்கள் சொன்ன இன்னொன்று, பயிற்சி முனை விழுகிற இடத்தில் விழுகிறது என்பது. அது உண்மை, அதுதான் விரியும் முனையின் பெரிய வசதி. ஆனால் அம்பு கோணலாகப் பறப்பதை அது மறைத்துவிடுகிறது. கோணலாகப் பறக்கும் அம்பு கோணலாகவே போய்க் குத்தும், தண்டு பக்கவாட்டில் அடித்துக்கொண்டு பாதி ஆற்றலை அங்கேயே விடும். இடக்கை வில் தம்பிக்கு ஐந்து அங்குலம் விலகியதே, அந்தக் கடன் வாங்கிய முனை அவருக்கு ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறது. அவருடைய அம்பு போன சீசனிலும் கோணலாகத்தான் பறந்திருக்கும்.

காரணம் எனக்குத் தெரிந்தவரை இதுதான்: 400 ஸ்பைன் தண்டு 62 பவுண்டுக்குச் சரி. 42 பவுண்டுக்கு அது ரொம்ப விறைப்பு. புதுத் தண்டு வாங்க வேண்டாம். முன்பக்கம் எடையைக் கூட்டினால் அதே தண்டு இளகி நடக்கும், எடையும் கூடும், ஒரு கல்லில் இரண்டு மாங்காய். அலுமினிய இன்சர்ட்டை (முனையைத் திருகி மாட்டத் தண்டுக்குள் ஒட்டும் குழாய்) எடுத்துவிட்டு 50 கிரெய்ன் பித்தளை இன்சர்ட் போடுங்கள், முனையை 150 கிரெய்ன் ஆக்குங்கள். மொத்தம் 450 பக்கம் வரும். வேகம் குறையும், பயப்படாதீர்கள்.

இடக்கை வில் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வேகம் குறைந்தால் பயப்படாதே என்கிறீர்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏற்கெனவே மெதுவான வில், இன்னும் மெதுவாக்கினால் எப்படி உள்ளே இறங்கும்?

இன்னொன்று. ஒற்றைச் சாய்வு முனை, அதாவது பிளேடின் ஒரு பக்கம் மட்டும் தீட்டியிருப்பது, எலும்பைப் பிளக்கும் என்று படித்தேன். அதில் வலம், இடம் என்று இரண்டு இருக்கிறதாம். நான் இடது கை, அப்படியென்றால் இடச் சாய்வு வாங்க வேண்டுமா?

பழைய நாண் எழுதியது:

கை எது என்பதற்கும் சாய்வுக்கும் சம்பந்தம் இல்லை தம்பி. இறகு எந்தப் பக்கம் திருகி ஒட்டியிருக்கிறதோ அதோடு பொருந்த வேண்டும். வலத் திருகு இறகு என்றால் வலச் சாய்வு. இரண்டும் ஒரே பக்கம் சுழற்றினால்தான் அம்பு உள்ளே போகும்போதும் அந்தச் சுழற்சி தொடரும், எலும்பில் பட்டால் ஸ்குரூ டிரைவர் மாதிரி திருகிப் பிளக்கும். எதிரெதிராக இருந்தால் ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும். உங்கள் அம்பை எடுத்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

வேகம் பற்றி. உந்தம் என்று ஒன்று இருக்கிறதே, எடையையும் வேகத்தையும் பெருக்கி 225400-ஆல் வகுங்கள். இப்போது உங்களுக்கு 0.353. வில்லின் விசை மாறவில்லை, கனமான அம்பு அதே விசையிலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளும், அதிர்வாகவும் சத்தமாகவும் வீணாகிறது குறையும். 450 கிரெய்ன் போட்டு வேகமானியில் பாருங்கள், 195-க்கும் 200-க்கும் நடுவில் வரும் என்று நினைக்கிறேன். வில் சத்தம் அடங்குவதை நீங்களே கேட்பீர்கள், வெண்சிறகு சொன்ன அந்தக் கால் நொடிக் கதைக்கு அதுவும் உதவி. ஆஷ்பி கனமான எலும்புக்கு 650 கிரெய்ன் என்கிறார், அதையெல்லாம் நீங்கள் துரத்த வேண்டாம். 42 பவுண்டில் 650 போட்டால் அம்பு வில்லுக்கு வெளியே வந்ததும் தொப்பென்று விழ ஆரம்பிக்கும், 18 கெஜமா 22 கெஜமா என்று தூரம் கணிப்பதில் சின்னத் தப்பு வந்தாலும் மானுக்கு வயிற்றடியில் போகும். பவுண்டுக்குப் பத்து, பதினொரு கிரெய்ன் போதும்.

எடையைக் கூட்டிய பிறகும் விரியாத முனை விலகினால், அம்பு தாங்கியை நகர்த்துங்கள். முனை வலதுபக்கம் விழுந்தால் தாங்கி இடதுபக்கம், கீழே விழுந்தால் தாங்கி மேலே. ஒரு தடவைக்கு ஒரு மயிரிழைதான், 1/32 அங்குலம். மூன்று அம்பு எய்துவிட்டுத்தான் அடுத்த மயிரிழை. ஒவ்வொரு அம்பையும் முனையோடு உள்ளங்கையில் நிறுத்திச் சுழற்றிப் பாருங்கள், நுனி துளி ஆடினாலும் அந்த இன்சர்ட் கோணலாக ஒட்டியிருக்கிறது, அதைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

உளிக்கல் எழுதியது:

யாரும் கூர்மை பற்றிப் பேசவில்லையே, அதனால் குறுக்கே வருகிறேன். நான் தச்சுவேலைக்காரன், கத்தி தீட்டுவது தொழில்.

கடையிலிருந்து வரும் முனை பெரும்பாலும் வேட்டைக்குப் போதுமான கூர்மையில் இருக்காது, டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும். குறைந்த இழுவிசைக்காரர்களுக்கு இது உயிர்நாடி. ஏனென்றால் மழுங்கின பிளேடு திசுவை அறுக்காமல் தள்ளும், ரத்தக்குழாய் வழுக்கி ஒதுங்கிக்கொள்ளும், அம்பின் ஆற்றல் தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும். கூரான பிளேடு போட்ட வெட்டு சீக்கிரம் உறையவும் உறையாது.

செய்முறை சுலபம்தான், பொறுமைதான் வேண்டும். பிளேடின் சாய்வில் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். கல்லில் 25 டிகிரி வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள், மை ஓரத்தில் மட்டும் போயிருந்தால் கோணம் அதிகம், முதுகுப்பக்கம் மட்டும் போயிருந்தால் கோணம் கம்மி. முழுக்கப் போகும்வரை கையைத் திருத்துங்கள். எதிர்ப்பக்கம் விரலால் தடவினால் ஒரு பிசிறு தட்டுப்படும், நுனியிலிருந்து அடிவரை அது தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. கடைசியில் தோல்பட்டையில் பாலிஷ் பசை தடவி, கூரை முன்னால் தள்ளாமல் பின்னோக்கி மட்டும் இழுத்து அந்தப் பிசிறை எடுங்கள். கையில் மயிரைச் சிரைக்கிறதா என்று பார்ப்பார்கள், அது சரி, ஆனால் எனக்கு ரப்பர் பேண்டு சோதனைதான் பிடிக்கும். இரண்டு ஆணிக்கு நடுவே தளர்வாக மாட்டி, பிளேடை மெல்ல வைத்தால் துண்டாக வேண்டும். அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் திரும்பக் கல்லுக்கு.

மூன்று பிளேடு ஒரே துண்டாக வரும் முனைகள், ஜி5 மான்டெக் மாதிரி, தீட்ட ரொம்ப எளிது. கல்லில் படுக்க வைத்தால் இரண்டு விளிம்பும் ஒரே நேரத்தில் தேயும், கோணம் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் அந்த விளிம்பின் மொத்தக் கோணம் 60 டிகிரி. இருபக்கமும் 25 வைத்துத் தீட்டிய இரண்டு பிளேடு 50, ஒற்றைச் சாய்வு என்றால் மொத்தமே 25. கோணம் குறையக் குறைய எளிதாக அறுக்கும், ஆனால் இரும்பு நல்லதாக இல்லையென்றால் எலும்பில் விளிம்பு மடங்கும். மலிவான முனையில் ஒற்றைச் சாய்வு வாங்காதீர்கள்.

பயிற்சிக்கு எய்த முனையைத் தீட்டாமல் வேட்டைக்கு எடுத்துப் போகவே கூடாது. அம்புக்கூட்டின் நுரைக்குள் செருகி எடுத்தாலே கூர் போகும். மழைநாளில் விளிம்பில் துளி வாசலின் தடவுங்கள், ஒரே இரவில் துரு பிடிக்கிறது.

வெண்சிறகு எழுதியது:

உளிக்கல் அண்ணா சொன்னதை இரண்டு தடவை படியுங்கள் எல்லாரும்.

நான் ஒன்று சேர்க்க மறந்துவிட்டேன். முனை வாங்குவதற்கு முன்னால் நீங்கள் வேட்டையாடும் இடத்தின் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். பல இடங்களில் முனையின் அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும், சில இடங்களில் விரியும் முனைக்கே அனுமதி இல்லை, சில இடங்களில் முள் மாதிரி பின்னால் வளைந்த பிளேடு கூடாது. மான் வேட்டைக்குக் குறைந்தபட்சம் 40 பவுண்டு என்று வைத்திருக்கும் இடமும் உண்டு, 35 போதும் என்கிற இடமும் உண்டு. நான் 38-ல் இருப்பதால் வேறு இடத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் இதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

இடக்கை வில் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். சொன்னபடியே செய்தேன். பித்தளை இன்சர்ட், 150 கிரெய்ன் இரண்டு பிளேடு, அகலம் 1 1/16, ஒற்றைச் சாய்வு. என் இறகு வலத் திருகுதான், அதனால் வலச் சாய்வு. அம்பு 450 கிரெய்ன் வந்தது, வேகமானியில் 199. கணக்குப் போட்டேன்: இயக்க ஆற்றல் 39.6, உந்தம் 0.397. வேகம் 19 அடி போயிருக்கிறது, ஆனால் இரண்டு எண்ணும் ஏறியிருக்கிறது. இதை எண்ணில் பார்த்த பிறகுதான் மனசு நம்பியது. அம்பு சமநிலையில் நிற்கும் புள்ளியும் முன்னால் போயிருக்கிறது, நடுவிலிருந்து அம்பின் நீளத்தில் 12 சதவீதம் முன்னால் இருந்தது, இப்போது 19.

விலகல் ஐந்து அங்குலத்திலிருந்து ஒன்றரைக்கு வந்தது, தாங்கியைத் தொடாமலே. தண்டின் விறைப்புதான் என்பது அப்போதே புரிந்துவிட்டது. அப்புறம் தாங்கியை நான்கு மயிரிழை நகர்த்தினேன், இப்போது பயிற்சி முனையும் வேட்டை முனையும் 20 கெஜத்தில் ஒரே இடத்தில் விழுகின்றன. நேற்று பழைய விரியும் முனையையும் புதுசையும் ஒரே நுரைப் பலகையில், மேலே பழைய தோல் ஒன்றைப் போர்த்தி எய்து பார்த்தேன். நுரை மான் இல்லை, தெரியும். இருந்தாலும் பழையது 5 அங்குலம், புதுசு 11.

கூர்மைதான் இன்னும் கைவரவில்லை. மை சீராகப் போகிறது, பிசிறும் வருகிறது, ஆனால் ரப்பர் பேண்டு இரண்டாவது அழுத்தத்தில்தான் அறுகிறது. உளிக்கல் அண்ணா, தோல்பட்டையில் எத்தனை இழுப்பு இழுப்பீர்கள்? சீசன் தொடங்க இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

உளிக்கல் எழுதியது:

இருபது இழுப்பு, லேசாக, முனையின் எடையே போதும் என்கிற அளவுக்கு. ஒற்றைச் சாய்வு என்பதால் தட்டையான பக்கத்தையும் நாலு இழுப்பு படுக்க வைத்து இழுங்கள், பாதிப் பிசிறு அங்கேதான் ஒளிந்துகொண்டிருக்கும். இரண்டாவது அழுத்தத்தில் அறுகிறது என்றால் அதுதான் காரணம். ஒன்பது நாள் தாராளம், மூன்று முனையை மட்டும் தீட்டித் தனியாக வையுங்கள்.